திறமையும் வறுமையும் உள்ள மாணவி

நான் பி.காம். இரண்டாம் ஆண்டுக்குப் போன புதிதில், எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் என் பெயரை ஒட்டினார்கள். அதற்கு மேலே, "திறமையும் வறுமையும் ஒருங்கே அமைந்த மாணவி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்குத் திறமை இருக்கிறதா என்பதில் அப்போது எனக்கே சந்தேகம். வறுமையில் சந்தேகமில்லை என்றாலும், அதைப் பலகையில் ஒட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடன் படித்தவர்கள் வரிசையாக வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள். இரண்டில் எதற்காகக் குலுக்குகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கல்லூரி ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில் இருந்தது. ஒரு பக்கம் கம்பெனி மதில், மறுபக்கம் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரங்கள், நடுவில் நாங்கள். கல்லூரி சிறியது என்றாலும் அறக்கட்டளைப் பரிசுகளுக்குக் குறைவில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பிழையில்லாமல் தமிழ் எழுதும் மாணவருக்கென்று ஒரு பரிசு வைத்திருந்தார். அந்தச் சான்றிதழிலேயே 'அறக்கட்டளை' என்ற சொல்லில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும். மொத்தமாக அச்சடித்து வைத்துவிட்டதால் தீரும்வரை மாற்ற முடியாது என்றார்கள். ஏரியை மண் போட்டு மூடி மனை பிரித்து விற்ற ஒருவர், தாவரவியலில் முதலிடம் பெறுபவருக்குப் பணம் கட்டியிருந்தார். சேர ஆளில்லாமல் தாவரவியல் துறையையே மூடிவிட்டதால், அந்தப் பணம் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வங்கியில் வளர்ந்துகொண்டிருந்தது. நகை அடகுக் கடைக்காரர் ஒருவர் 'நற்பண்புள்ள மாணவி'க்குக் கொடுப்பார். நற்பண்பு என்றால் என்னவென்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. எதிர்க்கேள்வி கேட்காத பெண் என்று பேராசிரியர்களே புரிந்துகொண்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எனக்குக் கிடைத்தது இவற்றில் ஆகப் பெரியது. வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்து அனுப்பும் கம்பெனி ஒன்றின் முதலாளி, காலமான தன் தாயார் பெயரில் அந்த வருடம்தான் அதைத் தொடங்கியிருந்தார். ஒரு வருடப் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்பார்கள். வகுப்பில் முதலிடம் வாங்கியிருக்க வேண்டும், வீடு ஏழை வீடாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தியது.

மூன்றாவதாக ஒன்றும் பொருந்தியது. அதை யாரும் கேட்கவில்லை. என் அம்மா அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள்.

அம்மாவும் அப்பாவும் அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து, நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே ஓசூருக்கு வந்துவிட்டவர்கள். ஊரில் இருந்தபோது அடுத்தவர் வயலில் ராகி அறுத்தவர்கள். இங்கே வந்து அப்பா லாரி ஓட்டினார், அம்மா ஒயர் கட்டினாள். கம்பெனியில் இரண்டு விதமான கோட்டு உண்டு. பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம், கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல். அம்மா வருடக்கணக்காகச் சாம்பல். பலகையில் பேர் வந்ததைச் சொன்னபோது, "எங்க ஓனரோட அம்மா பேர்ல குடுக்கறதா?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டாள். "எல்லாம் நான் கட்டின ஒயர்லருந்து வந்த காசுதான். சுத்திக்கினு நம்ம வூட்டுக்கே வருது பாரு."

பணம் வருவதற்கு முன்னால் ஆட்கள் வந்தார்கள். கம்பெனிகள் நல்ல காரியம் செய்வதற்கென்று தனியாகச் சம்பளம் கொடுத்துச் சிலரை வைத்திருக்கின்றன. அந்தப் பிரிவிலிருந்து பெங்களூர்ப் பெண் ஒருத்தியும், அவளோடு ஒரு கேமராக்காரரும் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். விழாவில் திரையிட ஒரு சின்னப் படம் எடுக்க வேண்டுமாம். எங்களுடையது வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளில் ஒன்று. வீட்டுக்காரர் அப்போதுதான் வெளிச்சுவருக்குக் கிளிப்பச்சை அடித்திருந்தார். கேமராக்காரர் வாசலில் நின்று பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், இது செட் ஆவாது. கலர் ரொம்ப சந்தோஷமா இருக்கு."

அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அந்த ஃப்ரிட்ஜ் உங்களோடதா?"

"தவணையில வாங்கினது மேடம்."

"பரவால்ல. ஆனா ஃப்ரேம்ல வர வேணாம்." பிறகு குரலை ரொம்பவும் தாழ்த்தி, "அப்பா… இருக்காரா?" என்று கேட்டாள்.

"இருக்காரு மேடம். லாரி ஓட்டறாரு. புனே பக்கம் லோடு ஏத்திக்கினு போயிருக்காரு."

அவள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போனது. கேமராக்காரர்தான் தேற்றினார். "ஊர்ல இல்லல்ல மேடம். அது போதும். இருக்காருன்னு நாம சொல்ல வேணாம்."

"அம்மா என்ன பண்றாங்க?"

"கம்பெனிக்குப் போயிருக்காங்க."

"கம்பெனின்னு சொல்லாதீங்க. அப்புறம் பாக்கறவங்களுக்கு ஃபீல் வராது. கூலி வேலைன்னு சொல்லுங்க."

"இல்ல மேடம், அவங்க உங்க கம்…"

"ரோலிங்!" என்றார் கேமராக்காரர்.

கிளிப்பச்சைக்கு முன்னால் என்னதான் சோகமாக நின்றாலும் சரிப்படவில்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் பாதி இடிந்து கிடந்த ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார்கள். செங்கல் குவியல்மேல் என்னை உட்காரவைத்து, மடியில் கணக்குப் பதிவியல் புத்தகத்தை விரித்து, தூரத்தில் பார்க்கச் சொன்னார்கள். தூரத்தில் ஒரு கம்பெனித் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதைப் பார்த்தேன். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், எங்கள் பகுதியிலேயே வசதியானவர், வண்டியை நிறுத்திவிட்டு வந்து என்ன நடக்கிறது என்று விசாரித்தார். பழைய வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டப் போகிறார் அவர். விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் வீட்டக் காட்டி ஏழை வீடுன்னு போடுவீங்களா? அடுத்த வாரம் என் பையனுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கய்யா!"

அந்தப் பெண் அவரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். அவர் தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டே போனார். அதற்குள் வேண்டியதை எடுத்து முடித்திருந்தார்கள்.

அடுத்தது ஒத்திகை. விழாப் பொறுப்பு எங்கள் வணிகவியல் பேராசிரியரிடம் இருந்தது. தென்மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர்தான். நன்கொடையாளர் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் நாற்காலியில் உட்காரமாட்டார், எழுந்துவிடுவார். காலி அரங்கத்தில் ஒரு பழைய நாள்காட்டி அட்டையைக் காசோலையாக வைத்துக்கொண்டு, முதலாளியாக அவரே நின்று எனக்குப் பயிற்சி கொடுத்தார்.

"அட்டையைக் கீழப் பிடி. உன் மூஞ்சி தெரியலைன்னாலும் பரவால்ல, ஐயா மூஞ்சி மறையக்கூடாது. வாங்கிட்டு ரெண்டு வார்த்தை பேசு. எழுதித் தந்திருக்கேன்லா, அதை மனப்பாடம் பண்ணிரு. பேசும்போது அழுகை வந்தா அடக்காத."

"வரலன்னா சார்?"

"அம்மாவ நெனச்சுக்கோ, தானா வரும்."

"அம்மா நல்லாத்தான் சார் இருக்காங்க."

அவர் நாள்காட்டியை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏ பிள்ள, நீ பாஸாகுற வரைக்கும் இப்படி எடக்கு பேசாம இருந்தா நல்லது." எழுதித் தந்ததில் நான் இருளில் கிடந்தேன் என்றும், முதலாளி விளக்காக வந்தார் என்றும் இருந்தது. எங்கள் லைன் வீட்டில் கரண்ட் இல்லாத நேரம் குறைவு. அதை அவரிடம் சொல்லவில்லை.

அம்மா விழாவுக்கு வர ஆசைப்பட்டாள். கல்யாணத்துக்குக் கட்டும் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். ஆனால் லீவு கேட்கப் போன இடத்தில் நடந்ததை அன்று சாயங்காலம் வந்து அவளே சொன்னாள். சொல்லும்போது சூப்பர்வைசர் குரலிலேயே பேசிக் காட்டினாள்.

"சார், நாளன்னிக்கு ஒரு நாள் லீவு வேணும், எம் பொண்ணுக்கு நம்ம ஓனரு பரிசு குடுக்கறாருன்னு சொன்னேன். அதுக்கு அந்தாளு, 'ஓனரு வர்றதாலதாம்மா லீவு இல்ல. காலேஜ் ஃபங்ஷன முடிச்சிட்டு நேரா பிளான்ட்டுக்கு வர்றாரு. அப்ப லைன்ல ஆள் இல்லாம சீட்டு காலியா இருந்தா என் சீட்டு காலி'ன்றான்."

"பரிசு வாங்கறது உன் பொண்ணுன்னு தெரிஞ்சும் விடலியா?"

"நம்பவே இல்ல. 'ஓனருக்கும் உனக்கும் என்னம்மா சம்பந்தம்?'னு கேக்கறான்." புடவையை மடித்துத் திரும்பவும் பெட்டியில் வைத்தாள். "போவுது வுடு. நீ வாங்கிக்கினு வா. போட்டோ எடுப்பாங்க இல்ல, அதுல பாத்துக்கறேன்."

விழா அன்று காலையில் தொடங்க வேண்டியது, முதலாளியின் கார் வராததால் வெயில் ஏறும்வரை தொடங்கவில்லை. அவர் வந்ததும் மாலை, பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு என்று அவருக்குக் கொடுப்பதே வெகுநேரம் நடந்தது. உதவித்தொகை வாங்கப் போவது நானா அவரா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. பிறகு விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். புல்லாங்குழல் அழுதது. 'கூலித் தாயின் கனவு' என்று எழுத்து வந்தது. செங்கல் குவியலில் நான் உட்கார்ந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். பின்வரிசையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி சத்தமாகவே, "அய்யோ, இது மாடி கட்டறவங்க வீடுடி!" என்றாள்.

முதலாளி பேச எழுந்தார். எடுப்பான குரல். தானும் கஷ்டப்பட்டு வந்தவன்தான் என்றார். தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்ததாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளிடம் தெலுங்கில், "இவரு தெருவுக்கே இவரு வீட்டுலருந்துதான் கரண்ட் போச்சு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெலுங்கு புரியும் என்பதை அந்தப் பெரியவர் மறந்துவிட்டார், அல்லது மறக்கவில்லை.

என்னை மேடைக்கு அழைத்தார்கள். கதவு அளவுக்கு ஒரு காசோலை அட்டையை அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். படம் எடுத்து முடிந்ததும் அவர் அட்டையை என் கையில் விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லாதது.

"இந்தப் பொண்ணப் பெத்த தாய் எங்க? அந்தக் கூலித் தாய் எங்க இருக்காங்க? மேடைக்கு வரச் சொல்லுங்க. எங்கம்மாவுக்குப் பண்ண வேண்டிய மரியாதையை நான் அந்தத் தாய்க்குப் பண்ணணும்!"

கைதட்டல். எல்லோரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் மேடையின் ஓரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். நான் மைக்கை நோக்கிக் குனிந்தேன்.

"அம்மா வரல சார். லீவு கிடைக்கல."

"என்னது?" அவர் நெஞ்சில் கை வைத்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? பெத்த பொண்ணு மேடையேறுறதப் பாக்க ஒரு தாய்க்கு ஒரு நாள் லீவு இல்ல! எந்தக் கம்பெனிம்மா அது? பேரச் சொல்லு. பயப்படாத. இந்த ஏரியாவுல எல்லா முதலாளியும் எனக்குத் தெரிஞ்சவங்கதான். இப்பவே பேசறேன்."

சட்டைப் பையிலிருந்து போனையும் எடுத்துவிட்டார். நான் சத்தியமாகத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. பெரிய மனிதர் பயப்படாமல் சொல்லு என்கிறார், கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"உங்க கம்பெனிதான் சார்."

மைக் நன்றாக வேலை செய்தது. எங்கள் கல்லூரி மைக் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு தெளிவாக வேலை செய்து நான் கேட்டதில்லை. முதலில் விசில் வந்தது பின்வரிசை ஆண்பிள்ளைகளிடமிருந்து. அப்புறம் அரங்கம் முழுக்கச் சிரித்தது. பேராசிரியர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஓய்வுபெறப் போகிற வயதில் இருந்த எங்கள் முதல்வர் அம்மா, மடியில் இருந்த பொன்னாடையின் சரிகையைக் குனிந்து தடவிக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

ஒன்று சொல்ல வேண்டும். முதலாளி சாதாரண ஆள் இல்லை. சிரிப்பு அடங்கும்வரை தானும் சிரித்துக்கொண்டு நின்றார். போனைப் பைக்குள் போட்டார். பிறகு கையை உயர்த்தினார்.

"பாத்தீங்களா! இதுதான் என் கம்பெனி! ஓனரே போற விழா, சொந்த மகளுக்கே பரிசு, ஆனாலும் லைன விட்டு வராத ஒரு தாய்! இந்தக் கடமையுணர்ச்சி ஜப்பான்லகூடக் கிடையாது!"

அதற்கும் கைதட்டினார்கள், முன்னதைவிடப் பலமாக. கையில் அட்டை இருந்ததால் நான் தட்டவில்லை. இருளும் விளக்குமாக எழுதித் தந்ததை நான் பேசவும் இல்லை. பேராசிரியரே அவசரமாக வந்து மைக்கை வாங்கி நன்றியுரையை ஆரம்பித்துவிட்டார்.

அந்த அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் கண்டக்டர் அட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"உனுக்கு ஃப்ரீம்மா. இதுக்கு லக்கேஜ் போடணும்."

"இது செக்குண்ணா. பரிசு குடுத்தது."

"இவ்ளோ பெரிய செக்கு வெச்சிக்கினு லக்கேஜ் காசுக்குப் பேசறியே" என்றார். பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் வாங்கினேன். வழி நெடுக ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறியவர்கள் அதில் இருந்த தொகையை வாய்விட்டுப் படித்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் பாதி ஓசூருக்கு எங்கள் வரவு தெரிந்துவிட்டது. நிஜக் காசோலை வந்து சேர மழைக்காலம் ஆயிற்று. அதுவரை அந்த அட்டை எங்கள் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருந்தது. வழவழப்பான அட்டை, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகவில்லை.

அம்மா அன்று கையில் ஒரு பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தாள். விழாவில் முதலாளிக்குக் கொடுத்த கொத்துகளில் ஒன்றுதான், நாடாவில் எங்கள் கல்லூரிப் பெயர் இருந்தது. பிளான்ட்டுக்கு வந்தவர் நேராக அவள் லைனுக்குப் போய், அதை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டாராம்.

"என்னாடி சொன்ன அங்க? சூப்பர்வைசரு முகம் செத்துப்போச்சு. எச்.ஆர். வந்து எங்கிட்ட, 'நாங்க லீவு குடுத்தோம், நீங்கதான் எடுக்கலன்னு சொல்லுங்கம்மா'ன்றாங்க."

நடந்ததைச் சொன்னேன். "அறிவு கெட்டவளே, எம் பொழப்புல மண்ணப் போட்டியே" என்று முதலில் திட்டினாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள், முகம் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஓனரு போன வெளிய எடுத்துட்டாரா?"

"எடுத்துட்டாரும்மா."

"நம்பரு போட்டாரா?"

"இல்ல, அதுக்குள்ள நான் சொல்லிட்டேன்."

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமில்ல? யாருக்குப் போட்டிருப்பாருன்னு தெரிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

அடுத்த வாரம் கம்பெனி கேன்டீன் சுவரில் அம்மா படத்தைப் பெரிதாக மாட்டினார்கள். பூங்கொத்தும் சாம்பல் கோட்டுமாக நிற்கிறாள். கீழே 'அர்ப்பணிப்பு' என்று எழுதியிருந்ததாம். அதே வாரம் சூப்பர்வைசர் அவளை உட்கார்ந்து பார்க்கும் வேலையிலிருந்து நின்றுகொண்டே டேப் சுற்றும் லைனுக்கு மாற்றினார். அர்ப்பணிப்பு உள்ளவர்களுக்குத்தான் அது சரியாக வரும் என்று சொன்னாராம். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது அப்போதுதான். சாயங்காலம் காலில் தைலம் தேய்த்துவிடும்போது எனக்குச் சிரிப்பு வராது. அந்த ஒரு பதிலுக்கு விலை கொடுத்தது அவள் கால்.

இரண்டாம் ஆண்டுத் தேர்விலும் நான்தான் முதலிடம். மூன்றாம் ஆண்டுக்கும் அதே உதவித்தொகையைக் கேட்கப் போனேன். பேராசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"விதி மாறியிருக்கு பிள்ள. அந்த நிறுவனத்தோட ஊழியர்கள் பிள்ளைகளுக்கு இனிமே கிடையாது. பாரபட்சம்னு யாரும் சொல்லிரக்கூடாதுல்லா. நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்காவ."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சோற்றில் கை வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஊழியரா? யாரு, நானா? எப்பலருந்து?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முந்தைய தீபாவளிக்கு நீலக் கோட்டுக்காரர்களுக்குப் போனஸ் போட்டபோது, சாம்பல் கோட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் கம்பெனி ஊழியர்களே இல்லை, கான்ட்ராக்டர் ஆட்கள், உங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அழகாக விளக்கிச் சொல்லி, ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போனஸ் கேட்கும்போது இல்லாத உறவு, உதவித்தொகை கேட்கும்போது வந்துவிட்டது.

மறுநாள் நான் முதல்வர் அம்மா அறைக்கே போனேன்.

"எங்கம்மா அவங்க ஊழியர்னா, அப்படின்னு கம்பெனி எழுதிக் குடுக்கட்டும் மேடம். நான் கேக்கவே மாட்டேன். அந்தப் பேப்பர் எங்களுக்கு ஸ்காலர்ஷிப்பவிட ரொம்ப உபயோகமா இருக்கும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆங்கிலம் கற்பித்தவர். ஆண்டுக்கணக்காக நன்கொடையாளர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதி எழுதிச் சலித்தவர் என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னேன். அவர் கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "ரொம்ப மரியாதையா ஒரு மெயில் போடலாம். இன்னார் உங்கள் ஊழியர்தான் என்று உறுதி செய்து தந்தால், விதிப்படி இந்த மாணவியை நீக்கிவிடுகிறோம். உறுதி செய்யாவிட்டால், விதிப்படி கொடுத்துவிடலாம். சரிதானே?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார். அவ்வளவு உற்சாகமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அனுப்பிவிட்டு, "காபி குடிக்கறியா?" என்றார்.

அந்த மெயிலுக்குப் பதில் வரவேயில்லை. பேராசிரியருக்கு மட்டும் ஒரு போன் வந்தது. அவர் எழுந்து நின்று பேசினார். சில நாட்களில் பணம் கல்லூரிக் கணக்குக்கு வந்துவிட்டது. இந்த வருடம் விழா வேண்டாம், எளிமையாக இருக்கட்டும் என்று முதலாளி விரும்புவதாகச் சொன்னார்கள். படமில்லை, புல்லாங்குழல் இல்லை, அட்டையும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் போடும் பணமும் எனக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. போனில் ஒரு சின்னச் செய்தி, அவ்வளவுதான். யாரும் வந்து சுவரின் நிறத்தைப் பார்த்ததில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. அம்மா இதைப் பஸ்ஸில் சொல்லியிருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் சொன்னால் ஷிப்ட் மாறுவதற்குள் போச்சம்பள்ளி வரைக்கும் போய்விடும். அடுத்த வருடம் அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் சாம்பல் கோட்டுப் பெண்களின் பிள்ளைகள். "எங்கம்மா ஊழியர் இல்லை" என்று எல்லோரும் தெளிவாக எழுதிக் கொடுத்தார்களாம். திறமையும் வறுமையும் இவ்வளவு பேரிடம் ஒருங்கே அமையும் என்று கம்பெனி எதிர்பார்த்திருக்கவில்லை. உதவித்தொகையை அப்படியே விளையாட்டு வீரர்களுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் கல்லூரி மைதானம் அந்த வருடம்தான் பஸ் நிறுத்துமிடமாக மாறியிருந்தது. கிடைத்தது கேரம் ஆடும் ஒரு பையனுக்கு. அவன் நன்றாக ஆடுவான் என்றுதான் சொன்னார்கள், குறை சொல்லவில்லை.

நான் இப்போது ஓசூரிலேயே ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அம்மா ஒயர் வேலையை விட்டுவிட்டாள். ரோஜாக் கூடாரம் ஒன்றில் பூ தரம் பிரிக்கிறாள். அங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம். சில மாதங்களுக்கு முன்பு பேராசிரியர் எனக்குப் போன் செய்தார்.

"பழைய மாணவிகள் எல்லாம் அறக்கட்டளை வைக்காவ. நீயும் ஒண்ணு வச்சா என்ன? சின்னதா இருந்தாலும் போதும். யாருக்குன்னு நீயே நிபந்தனை போட்டுக்கலாம்."

யோசித்துச் சொன்னேன். "ஒரு பொண்ணுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டறேன் சார். நிபந்தனை ஒண்ணும் இல்ல. ஆனா மேடை வேண்டாம், வீடியோ வேண்டாம், என் பேரும் வேண்டாம்."

அவருக்குப் புரியவில்லை. "பேரே இல்லாம எப்படிம்மா? விழா வச்சுத்தான் குடுக்க முடியும். பேனர்ல போட ஒரு பேரு வேணும்லா. உன் பேரு வேண்டாம்னா உங்கம்மா பேருல வையி. நடுவுல, பெரிசா போட்டிருவோம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பக்கத்தில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உயிரோடு இருக்கும்போதே தன் பெயரில் அறக்கட்டளையா என்று அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பேனர்ல பேரு என்னா கலர்ல போடுவாங்களாம்? நீலமா, சாம்பலா?" என்று கேட்டாள்.